அன்று என்றவனுக்கு ஐந்து காசு

திருநெல்வேலி டவுணிலிருந்து சங்கரன்கோவில் ரோட்டில் 15 கிலோமீட்டர் போல வடக்கே போனால் மானூர். சிற்றாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்துக் கிடக்கும் பெரிய குளமும் பழைய சிவன் கோயிலும் உள்ள ஊர். அந்தக் கோயில் கல்லில், மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் 35ஆம் ஆட்சியாண்டில், களக்குடி நாட்டுப் பிரமதேயத்தின் மகாசபையார் கூடித் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட விதிகள் இருக்கின்றன. ஏறத்தாழ 1200 ஆண்டுப் பழமை. 1906இல் கல்வெட்டுத் துறையார் படியெடுத்தார்கள். பழைய ஊர்ச்சபை, குடவோலை என்றதும் எல்லோரும் உத்திரமேரூரைச் சொல்வார்கள். அந்தக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. எங்கள் மானூர் அதற்கும் ஒரு நூறாண்டு மூத்தது என்று நெல்லைக்காரர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. நாமும் சொல்லியிருக்கிறோம்.

கல்லில் இருப்பதை முழுதாகப் படித்தால் பெருமையில் பாதி கரைந்துவிடுகிறது. ஊரில் நிலப்பங்கு உள்ளவனுக்குத்தான் சபையில் இடம். பங்கு இருந்தாலும் தருமமும் வேதமும் கற்று நல்லொழுக்கம் உள்ளவனாக இருக்க வேண்டும். பங்கு விலைக்கு வந்ததோ சீதனமாக வந்ததோ, விதி ஒன்றுதான். இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியதே. நம்மை நிறுத்துவது இன்னொரு விதி. சபைக்கு வரும் ஒவ்வொரு காரியத்துக்கும் ‘அன்று, அன்று’ என்று மறித்துக் குத்துக்கால் போடுகிறவனும் அவனுக்குத் துணை நிற்பவனும் ஆளுக்கு ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும்.

எதற்கெடுத்தாலும் மறிப்பவனைத்தானே சொல்கிறது, நியாயமான மறுப்பை அல்லவே என்று வாதாடலாம். எந்த மறுப்பு நியாயம் என்று முடிவு செய்கிறவர்களும் அதே சபையார்தான்.

அந்தச் சபையில் உட்காராதவர்கள்தான் இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரை நடத்தினார்கள். கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று தாமிரபரணியில் ஏழு பழைய அணைக்கட்டுகள். எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. இவற்றிலிருந்து 11 கால்வாய்கள். கார் சாகுபடிக்கு எந்த மடை முதலில், பிசான சாகுபடிக்கு எது, வாடும் வயலுக்கு இரவில் எத்தனை நாழிகை என்பதெல்லாம் ஏட்டில் கிடையாது. மடைக்குடும்பனின் தலையில் இருந்தது. பெரும்பாலும் இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று அறியப்படும் மக்களிலிருந்து வந்தவன் அவன். வெள்ளத்தில் குளம் உடையாமல் காக்க முங்கி மடையைத் திறக்கப் போனவன் உயிரோடு மேலே வருவான் என்று சொல்ல முடியாது. அறுவடையில் அவனுக்குக் களத்து மேட்டில் கொஞ்சம் நெல் உண்டு. சபையில் வாய் திறக்க உரிமை இல்லை. ஸ்பெயினில் வலென்சியா நகரத்துத் தேவாலய வாசலில் இன்றும் வியாழக்கிழமை தோறும் பகல் 12 மணிக்குப் பாசனக்காரர்களே கூடி வாய்க்கால் வழக்குகளை வாய்மொழியாகத் தீர்க்கிறார்கள். உலகம் அதைப் போற்றுகிறது. நம்மிடமும் அப்படி இருந்தது என்று சொல்ல ஆசைதான். தண்ணீரை அறிந்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊரார் வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய வேலையாக எழுதிக்கொண்டது. அணைகள் பொதுப்பணித் துறைக்குப் போயின. மடைக்குடும்பன் நின்ற இடத்தில் லஸ்கர் வந்தார். அரசாங்கச் சம்பளம் வாங்கும் அவர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் மட்டும் இருந்த காலத்தில் ஆறு சோறு போட்டது. மணலுக்கு விலை வந்தபோது ஆறு பணமாயிற்று. 2003 அக்டோபரிலிருந்து ஆற்று மணலை அரசே அள்ளி விற்கும் என்று விதி மாறியது. மணலைக் கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு அது வெறும் பொடிக்கல். அதுதான் ஆற்றின் பஞ்சு. வெள்ளத்தைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆற்றுக்குள் இறக்கியிருக்கும் குடிநீர் உறைகிணறுகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. மணல் போய்ப் படுகை தாழ்ந்தால் கால்வாயின் தலைமடை மேலே நின்றுவிடும், தண்ணீர் கீழே ஓடும். கரையோர ஊர் ஒவ்வொன்றும் இதை அறியும். தடுக்கத்தான் எந்த ஊருக்கும் அதிகாரமில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு நீதிமன்றத்துக்குப் போய்த் தாமே வாதாடி, 2010 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையிடம் ஐந்தாண்டுத் தடை வாங்க வேண்டியிருந்தது. தனி மனிதர் ஒருவரின் பிடிவாதம் செய்த காரியம் அது. அவரைக் கும்பிடலாம். ஆனால் 128 கிலோமீட்டர் ஆற்றுக்கு அந்தப் பிடிவாதம் மட்டுமே காவல் என்றால் எப்படி?

மணலுக்குப் பூட்டுப் போட்டால் லாரி மலைக்குத் திரும்பும். அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் 2022 மே 14 நள்ளிரவில் பாறை சரிந்து நான்கு தொழிலாளிகள் மாண்டார்கள். தென்மாவட்டக் கல் கேரளத்துக்குப் போய்க்கொண்டேயிருக்கிறது. 2024 டிசம்பரில் அங்கிருந்து மருத்துவக் கழிவு வந்து நடுக்கல்லூரிலும் கொடகநல்லூரிலும் கொட்டிக் கிடந்தது. பண்டமாற்று என்று டவுண் டீக்கடையில் சிரித்துக்கொண்டார்கள்.

இனித் தண்ணீருக்காக நடந்த வழக்குக்கு வருவோம். கங்கைகொண்டான் சிப்காட்டில் 1000 லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குக் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போகிறது என்று செய்தி வந்தது. அப்போது கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 20 ரூபாய். ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 2இல் வழக்குகள் தள்ளுபடியாயின. வணிகர் சங்கங்கள் அந்தக் குளிர்பானங்களை விற்பதை நிறுத்தியது அதே மார்ச்சில்தான். இவையெல்லாம் நினைவிருக்கும். கவனிக்காமல் விட்ட தேதி ஒன்று உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது 2016 அக்டோபர். தண்ணீர் யாருக்கு என்று நீதிமன்றம் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில், இந்த ஆற்றின் கரையில் ஓர் ஊருக்குக்கூடத் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது; தனி அலுவலர் கையெழுத்துப் போட்டார். மாவட்டம் பிரிந்த காரணத்தால் திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபர் வரை தள்ளிப்போயிற்று. முழுதாக ஐந்தாண்டு. ‘அன்று’ என்று சொல்ல ஆளே இல்லாத சபைக்குத் தண்டம் விதிக்க வேண்டிய வேலையும் இல்லை.

தலைவர் இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அங்கே வன உரிமைச் சட்டம் துணை நின்றது. நம்மிடம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதியும் இல்லை, ஆற்றங்கரை ஊருக்கு மணல் மீதோ தண்ணீர் மீதோ கட்டுப்படுத்தும் சொல்லும் இல்லை. மேலூர்ப் பக்கத்து ஊர்கள் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஆனால் அதைச் சாதித்தது தீர்மான நோட்டு என்பதைவிட, மதுரையை நோக்கி நடந்த கூட்டம் என்றே சொல்ல வேண்டும். கிராம சபையை ஆண்டுக்கு ஆறு நாள் கூட்டச் சொல்கிறது நம் அரசு. அதில் ஒரு நாள் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள்.

மானூரில் மறித்தவனுக்கு ஐந்து காசோடு போயிற்று. தாமிரபரணிக் கரையில் முறப்பநாடு கோவில்பத்தின் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தல் பற்றிப் போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25, பட்டப்பகலில், அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அந்தச் செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.