சேஸிஸை மாற்றினால் அதே காரா?

ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி நான்குவழிச் சாலை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றால், உடம்பே இல்லாத லாரி ஒன்று கடந்து போவதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. முன்னால் இன்ஜின், கீழே சக்கரங்கள், நடுவில் நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள், அவ்வளவுதான். காதை மூடித் துண்டு கட்டிய டிரைவர், வெயிலையும் காற்றையும் முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டிப் போவார். நாமக்கல், கரூர் மாதிரி ஏதோ ஓர் ஊர்ப் பட்டறையில் அதற்குப் பாடி கட்டுவார்கள். பெயின்ட் அடிப்பார்கள், நெற்றியில் சாமி பெயர் எழுதுவார்கள். ஆனால், ஆர்.சி. புக்கில் ஏறப்போகும் எண், அந்த மொட்டை இரும்பில் ஏற்கெனவே குத்தியாயிற்று.

அந்த இரும்புதான் சேஸிஸ். பட்டறைக்காரர்கள் வாயில் ‘சேஸ்’. இன்ஜின், ஸ்டீயரிங், ஸ்பிரிங், ஆக்சில் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. இன்று நாம் வாங்கும் சின்ன கார்களில் இது தனியாகக் கிடையாது. பாடியே எலும்பாகவும் இருக்கிறது. லாரி, ஜீப், அப்புறம் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ‘கிட் கார்’ இவற்றில்தான் தனி சேஸிஸ்.

கிட் கார் பிரிட்டிஷ்காரர்களின் பழைய கிறுக்கு. முழு கார் வாங்கினால் விற்பனை வரி அதிகம், உதிரியாக வாங்கினால் அந்த வரி இல்லை என்ற காலம் அங்கே இருந்தது. 1957-ல் வந்த ‘லோட்டஸ் செவன்’ காரைப் பலர் பெட்டி பெட்டியாக வாங்கித் தங்கள் ஷெட்டிலேயே பூட்டினார்கள். பூட்டும் முறையை அச்சடித்துக் கொடுத்தால் வரி விழுமாம். அதனால் கம்பெனி ‘பிரிக்கும் முறை’யைக் கொடுத்தது, வாங்கியவர்கள் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. வரி என்று வந்துவிட்டால் எல்லா ஊரும் ஒரே ஊர்தான்!

அப்படிக் கட்டிய காருக்கு வயதாகும்போது முதலில் காலை வாருவது சேஸிஸ். குழாய் மாதிரியான இரும்பு என்றால் துரு உள்ளேயிருந்து தின்னும். வெளியே பளபளவென்று பெயின்ட் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அப்பளம். ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தில் வெல்டிங் விரிசல் விட்டிருந்தால் இன்னும் ஆபத்து. ஓடும்போது அது விட்டுப்போனால் பிரேக் பிடித்தும் பயனில்லை. ஒட்டுப்போட்டுப் பார்த்தும் தேறாது என்றால், சேஸிஸையே மாற்ற வேண்டும்.

வேலை பெரியது. பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை இறக்கித் தள்ளி வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஒவ்வொரு வயருக்கும் சீட்டுக் கட்டி, கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பாடியைத் தூக்க நாலு பேர் வேண்டும். புது சட்டத்தில் அளவுதான் உயிர். வீட்டுக்கு வானம் தோண்டும்போது கொத்தனார் மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்துப் பார்ப்பாரே, அதே கணக்கு. இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் சதுரம். இல்லையென்றால் கார் காலம் முழுக்க ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும். வெல்டிங்கும் ஒரே மூச்சில் கூடாது. எல்லா மூட்டிலும் முதலில் ஒரு புள்ளி வைத்து, அளந்து, அப்புறம் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். சூட்டில் இரும்பு வளையும்.

எல்லாம் பூட்டி சாவியைத் திருப்பினால் லைட் எரியாது. பலர் தலையில் கை வைப்பது இங்கேதான். புது சேஸிஸில் அடித்த பெயின்ட், எர்த் வயரைத் தடுத்துவிடும். அந்த இடத்தைச் சுரண்டி இரும்பைக் காட்டினால் விளக்கு வந்துவிடும்.

சரி, இப்போது இது பழைய காரா, புது காரா? பிரிட்டனில் பல ஆண்டுகள் இதற்கு ஒரு மார்க் ஷீட்டே இருந்தது. சேஸிஸுக்கு 5 புள்ளி. ஸ்டீயரிங், கியர்பாக்ஸ், ஆக்சில், சஸ்பென்ஷன் தலா 2. இவ்வளவு சத்தம் போடும் இன்ஜினுக்கு 1! எட்டு எடுத்தால் பழைய பதிவு எண் தப்பிக்கும். மூல அளவிலேயே புது சேஸிஸ் வாங்கிப் போட்டாலும் அந்த ஐந்து கிடைக்கும். வெட்டி ஒட்டிய சேஸிஸ் என்றால் மற்ற பாகங்களுக்கு எத்தனை புள்ளி வந்தாலும் பழைய எண் போய், ‘கியூ’ என்று தொடங்கும் எண்தான்.

நம் நாட்டில் மார்க் ஷீட் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. 50 வயது தாண்டிய பழைய கார்களுக்கு 2021-ல் வந்த ‘வி.ஏ.’ எண் சலுகையும், சேஸிஸில் கை வைக்காத வண்டிக்குத்தான்.

முழுக்க வீட்டில் கட்டிய காரின் பாடு இன்னும் திண்டாட்டம். மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டம், தேவ்ராஷ்ட்ரே கிராமத்தைச் சேர்ந்த கொல்லர் தத்தாத்ரேய லோஹர், பழைய இரும்பைக் கொண்டு சுமார் 60,000 ரூபாயில் குட்டி ஜீப் ஒன்றைச் செய்தார். பைக் மாதிரி உதைத்து ஸ்டார்ட் செய்யும் ஜீப்! 2021 டிசம்பரில் ஆனந்த் மஹிந்திரா அதை ரசித்துப் பாராட்டினார். விதிகளுக்குள் வராத வண்டி, அதிகாரிகள் என்றைக்காவது நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னார். ஜீப்பைக் கொடுத்துவிட்டு பொலிரோ வாங்கிக்கொள்ளச் சொன்னார். அடுத்த மாதமே பொலிரோ வந்தது. குட்டி ஜீப்புக்கு அவர் சொன்ன இடம், செங்கல்பட்டு பக்கம் உள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையம். சாலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் புனே, ஒரகடம் மாதிரி இடங்களில் உள்ள அரசு சோதனை மையத்தில் தேற வேண்டும். ஒரே ஒரு ஜீப்புக்காக எந்தக் கொல்லர் அந்தச் செலவு செய்வார்?

பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கும் ஆசை இருக்கிறதா? பேரம் பேசும் முன் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துப் போங்கள். சேஸிஸ் எண் மேல் தாளை வைத்துத் தேய்த்தால் எழுத்துகள் பதியும், ஆர்.சி. மாற்றும்போது கேட்கிற அதே பென்சில் பிரிண்ட்தான். ஆர்.சி. புக்கோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்போ, கிரைண்டர் ஓடிய கோடோ தெரிந்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.