நிரலும் நூலே!

1984-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பெற்றபோது கணினி நிரலும் இலக்கியப் படைப்பென வகுக்கப்பெற்றது. புலவர் சிலர் நகைக்கலாம், நாம் நகையோம். நூலாக்கமும் நிரலாக்கமும் மூளையுழைப்பே. திருட்டுப்படியென அறிந்தே கணினியில் இயக்குவோர்க்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், உருபா 50,000 முதல் 2 இலக்கம் வரை தண்டமும் உண்டென்றது 1994-ஆம் ஆண்டுத் திருத்தம். (ஊதியங் கருதாதார்க்கு மன்றம் சிறையை விலக்கலாம்.)

“அயல்நாட்டுப் பெருநிறுவனத்தைத்தானே சுரண்டுகின்றோம்” என்பார் உளர். அக்கைகள் தமிழ் எழுத்துருவையும் விட்டுவைப்பதில்லையே! ஒவ்வோர் எழுத்தாய் வளைவும் சுழியும் பார்த்து வரைந்த தமிழனுக்கு அதனால் எஞ்சுவதென்ன? பொருளில்லாதார்க்கு 1991-இல் தோன்றிய இலினக்சு உண்டு. தமிழில் தட்டெழுத விலையில்லா எ-கலப்பை உண்டு. இலினக்சைப் படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் அதனை ஆக்கியோரே இசைவளித்துள்ளனர்.