ஒரு மொழி ஒற்றுமை தருமா?

மொழி ஒன்றானால் நாடு ஒன்றாகும் என்பது ஆள்வோர் பலர்க்கும் உவப்பான பொய். அப்பொய்க்கு அமெரிக்க ஒன்றிய நாடுகள் அண்மையில் ஆணை வடிவம் தந்துள்ளன. 2025 மார்ச்சு 1-ஆம் நாள், குடியரசுத் தலைவர் தொனால்டு திரம்பு, ஆங்கிலமே அந்நாட்டின் ஆட்சிமொழி என்று ஆணையிட்டார். நாட்டொற்றுமையை வளர்ப்பதற்கென்றே இவ்வாறு செய்வதாக அவ்வாணை கூறுகின்றது.

1787-இல் யாக்கப்பெற்ற அந்நாட்டு அரசியலமைப்புச் சட்டம் எம்மொழியையும் ஆட்சிமொழியெனக் குறிக்கவில்லை. அதனால் நாடு உடைந்ததா? உடைந்தது ஒருமுறைதான். 1861-இல் மூண்ட அவ்வுள்நாட்டுப் போர்க்குக் கரணியம் அடிமைமுறை, மொழியன்று. எதிரெதிர் நின்று மடிந்தவருள் மிகப் பெரும்பாலோர் பேசியது ஒரே ஆங்கிலம்! ஒருமொழி அவர்களை ஒன்றாக வைத்திருந்ததா?

புதிய ஆணை பிறமொழிப் பணிகளை உடனே நிறுத்தச் சொல்லவில்லை என்பர். உண்மைதான். ஆனால், ஆங்கிலம் அறியாதார்க்கும் அரசுப் பணிகள் எட்டுமாறு செய்க எனக் கிளிண்டன் 2000-இல் பிறப்பித்த ஆணையை அது நீக்கிவிட்டது. இனி எம்மொழியில் எதனைத் தருவது என்பது துறைத் தலைவர்களின் முடிவு. கடமையாக இருந்தது விருப்பமாகிவிட்டது. உரிமை அருளாகத் தேய்வது இப்படித்தான்.

ஒருமொழிக் கொள்கை அந்த மண்ணில் விளைத்ததை வரலாறு காட்டும். 1879-இல் பென்சில்வேனியாவின் கார்லைலில் பழங்குடிப் பிள்ளைகட்கென உறைவிடப் பள்ளி தொடங்கப்பெற்றது. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர், முடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. 1819 முதல் 1969 வரை இத்தகைய பள்ளிகள் 417 இயங்கின என்றும், அங்கு இறந்த பிள்ளைகள் 973 பேர்க்குக் குறையார் என்றும் அந்நாட்டரசே 2024-இல் அறிக்கை தந்தது. அவ்வாண்டு அற்றோபரில் அன்றைய குடியரசுத் தலைவர் பைடன் பழங்குடி மக்களிடம் மன்னிப்பும் வேண்டினார். மன்னிப்பு வேண்டிய ஐந்தாம் மாதமே ஒருமொழி ஆணை!

இரண்டாம் உலகப் போரிலோ, பள்ளியில் பேசியதற்காகப் பிள்ளைகள் ஒறுக்கப்பட்ட அதே நவகோ மொழியை அவ்வரசு தேடிச் சென்றது. 1942-இல் 29 நவகோ இளைஞர்கள் தம் மொழியைக் கொண்டு மறைமொழி அமைத்தனர். சப்பானியர் இறுதிவரை அதனை உடைக்க இயலவில்லை. நாட்டைப் பிளக்கும் என்று அஞ்சப்பட்ட மொழி நாட்டைக் காத்தது.

ஆயினும் ஆணையால் மொழி சாவதில்லை. அதனைப் பேசுவோர் கைவிடும்போதே சாகின்றது. அவாய்த் தீவுகளில் 1896-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கிற்று. அவாய் மொழி பேசும் குழந்தைகள் அருகினர். ஆனால் அம்மக்கள் விழித்தனர். 1978-இல் தம் மாநில அரசியலமைப்பில் அவாய் மொழியை ஆட்சிமொழியாக்கினர். 1984-இல் அம்மொழியிலேயே மழலைப் பள்ளி தொடங்கினர். அடுத்த தலைமுறையின் நாவில் அம்மொழி மீண்டும் குடியேறியது.

தமிழ் மக்களே! ஒற்றுமையின் பெயரால் ஒருமொழி கேட்கும் குரல் நமக்குப் புதிதன்று. அக்குரல் எழும்போதெல்லாம் கார்லைலை நினையுங்கள். அவாய் மக்களையும் நினையுங்கள். நம் குழந்தை எம்மொழியில் பயில்கின்றது என்னும் வினாவிற்கு விடை நம் இல்லத்திலேயே தொடங்குகின்றது.