கொழுந்துத் தராசுக்குக் கணினி, குழந்தைக்குக் கைவிரிப்பா?

ஊவா மலைநாட்டில் ஒரு புதுவகைத் திருவிழா தோன்றியிருக்கிறது. தோட்டப் பாடசாலை வாயிலில் வாழை கட்டுகிறார்கள். பிள்ளைகள் வெயிலில் இரு வரிசையாக நின்று பூச்செண்டு ஏந்துகிறார்கள். பிரமுகர் வருகிறார், பொன்னாடை ஏற்கிறார், மங்கல விளக்கேற்றுகிறார், கணினி ஒன்றையோ சுவரில் மாட்டும் ஸ்மார்ட் போர்ட் ஒன்றையோ அதிபரிடம் கையளிக்கிறார். படம் எடுக்கப்படுகிறது. மறுநாள் பத்திரிகையில் ‘தோட்டப் பிள்ளைகளுக்கு நவீன கல்வி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதற்கும் மறுநாள், அந்தப் பெட்டியைத் திறந்து பாடம் சொல்ல ஆசிரியர் யார் என்று கேட்டால், விழாக் குழுவினர் ஒருவரும் கண்ணில் படமாட்டார்.

இத்தகைய விழாக்களை நாம் எதிர்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது மரபு. அந்த மரபை இன்று பின்பற்றப் போவதில்லை. எதிர்க்கிறோம். கொடுப்பவர் நல்லவராயிருக்கலாம், கொடுக்கும் பொருளும் நல்லதாயிருக்கலாம். ஆயினும், அரசாங்கம் செய்யக் கடமைப்பட்ட காரியத்தை ஒரு தனவந்தரின் கருணையாக மாற்றிக் காட்டுவது, தோட்ட மக்கள் விடயத்தில் நூறாண்டுப் பழமையுடைய சூழ்ச்சி. கொடையை நிறுத்தினால் வழக்கில்லை. உரிமையை நிறுத்தினால் வழக்குண்டு. ஆதலால்தான் ஆள்வோருக்குக் கொடை இனிக்கிறது.

சென்ற ஆண்டு பசறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம், சொன்னால் அந்த அதிபர்தான் மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுத நேரிடும். ஓர் அறையில் கணினிகள் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. பாடத்துக்கென நியமனம் பெற்று வந்த ஆசிரியர் நகரப் பாடசாலைக்கு இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அவரிடத்துக்கு ஆள் வரவில்லை. சமயபாட ஆசிரியை ஒருவர் தம் சொந்தக் கைபேசியில் விசைப்பலகையின் படத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் உண்மையான விசைப்பலகை தூசு படிந்து கிடக்கிறது! ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். பழுதானால் திருத்தப் பணமில்லை. காணாமற் போனால் பொறுப்புச் சொல்லவேண்டும். மின்கட்டணம் ஏறினால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றோரிடம் கையேந்த வேண்டும் என்றார்கள். அந்த ஆசிரியையையோ அதிபரையோ குறைகூற நாவெழவில்லை.

இந்த நோய் கணினியோடு வந்ததன்று. 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயதுவரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்டத் துரையின் கடமையாக்கிற்று. துரைமார் என்ன செய்தனர்? பல தோட்டங்களில் லயக்காம்பிராவின் ஓர் அறையே பள்ளிக்கூடம் ஆயிற்று; எழுத்தறிந்த ஒருவரே எல்லா வகுப்புக்கும் உபாத்தியாயர் ஆனார். 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்ட எல்லையில் அது நின்றுவிட்டது. 1947 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க வழி வகுத்தது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் சுவீகரித்தபோதும் தோட்டப் பாடசாலைகள் விலக்கி வைக்கப்பட்டன. தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1970களின் பிற்பகுதியிலேதான் அவை அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கின. சட்டப் புத்தகத்தில் கடமை எழுதப்பட்டதற்கும் கரும்பலகை வந்து சேர்ந்ததற்கும் இடையே எழுபது ஆண்டுகள். கரும்பலகைக்கே எழுபது ஆண்டு என்றால், ஸ்மார்ட் போர்டுக்கு எத்தனை என்று கணக்கிடக் கணினி வேண்டியதில்லை.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டின் கணினி அறிவை அளந்து வெளியிடுகிறது. நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று பகுப்பு. மூன்றாவது இடம் எதற்கு என்று வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. கவனிக்கத் தக்கது அந்தத் திணைக்களம் கையாளும் அளவுகோல்: கணினியைத் தானாக இயக்கத் தெரிந்தவர் கணினி அறிவுடையவர்; ஐந்து வயதுப் பிள்ளை கணினியில் விளையாட்டு விளையாடத் தெரிந்தாலே போதும், அதுவும் கணினி அறிவுடைய பிள்ளையாம். இத்துணை தாழ்வாகக் கட்டிய வேலியைக்கூடத் தாண்ட முடியாதபடி நம் பிள்ளைகள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மூளை இல்லாமலா? எட்டும் இடத்தில் கணினி இல்லாமலா?

2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இந்த உண்மை ஊரறிய அம்பலமாயிற்று. பாடம் கைபேசிக்கு வரும் என்றார்கள். கைபேசி எங்கிருந்து வரும் என்று யாரும் சொல்லவில்லை. 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். பேர் முழுதாய் விழுந்தால்தான் அதுவும். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் ஒரு கைபேசி, அதுவும் தகப்பனார் கொழும்பிலிருந்து வரும்போது மட்டும் என்றால், எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தைக் கேட்கும்? கைபேசி இருந்த இடத்திலும் அலைவரிசை எட்டவில்லை. 2021 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் உலகுக்கு ஒரு செய்தி அனுப்பிற்று. போஹிட்டியாவ என்னும் குக்கிராமத்துப் பிள்ளைகள், ஆசிரியை துணைவரக் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஒரு பாறையின் உச்சியில் ஏறி இணையத்தைப் பிடிக்கிறார்கள். நம் லுணுகலையில், காட்டினுள் மலையுச்சியில் கட்டிய மரவீட்டில் ஏறி, பிள்ளைகள் முறைவைத்துப் பாடங்களை இறக்கிக்கொள்கிறார்கள். செய்தியைப் படித்த வெளிநாட்டார் வியந்தனர். உள்நாட்டுப் பெரியோர் பிள்ளைகளின் ஊக்கத்தைப் பாராட்டினர். பாராட்டு எதற்கு? பரணில் ஏறிப் பாடம் படிக்கவேண்டிய நிலைக்கு வெட்கப்பட்டிருக்க வேண்டும். போஹிட்டியாவவும் லுணுகலையும் ஒரே செய்தியில் இடம்பெற்றதை ஊன்றிக் கவனியுங்கள். கைவிடப்பட்ட கிராமமும் கைவிடப்பட்ட தோட்டமும் கைகோக்க வேண்டிய இடம் இதுவே.

இனி மறுப்புரைகளுக்கு வருவோம். ‘லயத்தில் ஒழுகாத கூரை இல்லை, குடிநீர் இல்லை, மலசலகூடம் இல்லை, கணினிக்கு என்ன அவசரம்?’ என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்களில் நல்லவரும் உண்டு. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டதை மறந்தவர் நாமல்லர். ஆனால் இந்த வாதத்தின் உட்பொருள் என்ன? ஒன்றைத் தராதவன், அதைத் தராததையே காரணமாக்கி மற்றொன்றையும் மறுக்கலாம் என்பதுதானே! குடிநீர் கொடுக்கும்வரை கணினி இல்லை. கணினி கற்காததால் உத்தியோகம் இல்லை. உத்தியோகம் இல்லாததால் லயத்தை விட்டு வெளியேற வழியில்லை. இந்தச் செக்கைச் சுற்றும் மாடுகளா நம் மக்கள்?

மற்றொரு சாரார் வாய்விட்டுச் சொல்வதில்லை; மனத்துள் வைத்திருக்கிறார்கள். கொழுந்து பறிக்கப்போகும் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். படித்தால் மலைக்கு ஆள் கிடைக்காது என்று அஞ்சிய பழைய துரைமாரின் குரல், மேற்சட்டை மாற்றி வந்திருக்கிறது. அவர்களை ஒன்று கேட்கிறோம். சில தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் தராசு இலத்திரனியல் தராசாகிவிட்டது. செக்ரோல் கணினிக்கு ஏறிவிட்டது. தாய் பறித்த கொழுந்தின் நிறையையும், அதில் கழித்த கிலோவையும், சம்பளத்தில் பிடித்த ரூபாயையும் கணினி எழுதுகிறது. கம்பனியின் கணக்குக்குக் கணினி மலைக்கு ஏறமுடியுமென்றால், அந்தக் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த மகள் மட்டும் உருவாகக் கூடாதோ? தாயின் சம்பளச் சீட்டைப் பிள்ளை வாசித்து, ‘இந்தக் கழிவு எதற்கு?’ என்று கேட்கும் நாளை அஞ்சுகிறார்கள்.

விவசாய அன்பர்களே, இது தோட்டத்தார் பிரச்சினை என்று விலகி நிற்காதீர். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் உருளைக்கிழங்கும் மரக்கறியும் விளைவிக்கும் நீங்கள், கெப்பெட்டிப்பொலை பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறி ஏற்றும்போது, தம்புள்ளையில் அன்றைய விலை என்னவென்று தரகரின் வாயைப் பார்த்து நிற்கிறீர்கள். அதை வீட்டிலிருந்தே அறிந்து சொல்லும் பிள்ளை உமக்கு வேண்டாமா?

பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்குகிறது. கணினி விஞ்ஞானமும் தேயிலைத் தொழினுட்பமும் அங்கே பட்டப் பாடங்கள். தேயிலைத் தொழினுட்பம்! அந்தத் தேயிலையைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்தவர் வீட்டுப் பிள்ளை அந்த வாயிலில் நுழைய வேண்டுமானால், உயர்தரத்தில் விஞ்ஞானமோ தொழினுட்பமோ கற்றிருக்க வேண்டும். 2013 இல் தொழினுட்பப் பிரிவு தொடங்கிற்று. ஆயினும் தோட்டப் பாடசாலைகளில் மிகப் பல உயர்தரமே இல்லாதவை. உயர்தரம் உள்ளவற்றிலும் கலைப்பிரிவே கைகொடுக்கும் பிரிவு. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் தெரிவுப் பாடங்களுள் ஒன்று. தெரிவு யாருடையது? மாணவனுடையது என்று சுற்றறிக்கை சொல்லும். உண்மையில் ஆசிரியர் இருந்தால் தெரிவு உண்டு, இல்லையேல் இல்லை.

மொழி விடயத்தையும் தொட்டாக வேண்டும். தமிழ் எழுத்துக்கு யுனிகோட் குறியீடு 1991 முதல் உண்டு. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் ரெங்கநாதன் விசைப்பலகையைத் தழுவித் தமிழுக்கென நியமம் வகுத்ததும் உண்டு. இருந்தும் நம் அலுவலகங்கள் பலவற்றில் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதமே இன்றும் உலவுகிறது. மறு கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. பதுளை மாவட்டத்துப் பல பிரதேச செயலகங்கள் இருமொழி நிருவாகத்துக்கென அறிவிக்கப்பட்டவை. அங்கே தமிழில் தட்டச்சிடத் தெரிந்தவர் வேண்டும். அந்த இடங்கள் நம் பிள்ளைகளுக்கு வாசற்படியிலேயே காத்திருக்கின்றன. நாமோ திறப்புவிழாவில் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் தலைவர்களையும் விட்டுவிடுவதற்கில்லை. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பில் உள்ளவை. ஊவா மாகாண சபையின் ஆயுள் 2019 இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி ஆளுநரின் நிருவாகமே நடந்தது. பாடசாலை ஆளணி பற்றிக் கேட்கச் சபையில் ஒரு வாயும் இல்லாத அக்காலத்தில், நம் சங்கங்களும் கட்சிகளும் தெருவுக்கு வந்தனவா? கணினியில் தங்கள் தலைவரின் படத்தை ஒட்டி விநியோகித்தன. பெட்டியின் மேல் யார் படம் என்பதில் போட்டி. பெட்டிக்குள் யார் பாடம் என்பதில் அக்கறை இல்லை.

என்ன செய்யலாம்? அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை எல்லா மட்டத்திலும் சமமான கல்வி வாய்ப்பை அரசின் குறிக்கோளாக வைக்கிறது. 29 ஆம் உறுப்புரை அதை நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்று கதவைச் சாத்துகிறது. ஆனால் 12 ஆம் உறுப்புரையின் சமத்துவம் நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய அடிப்படை உரிமை. நகரப் பாடசாலைக்குக் கொடுத்த ஆசிரியரைத் தோட்டப் பாடசாலைக்கு ஏன் மறுத்தாய் என்று கேட்க, முதலில் கையில் ஆதாரம் வேண்டும். அதற்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அச்சட்டம் ‘பிரஜை’ எவரும் கேட்கலாம் என்கிறது. 1948 இல் நம் பாட்டனாரிடமிருந்து பறிக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை நம்மவருட் பலர் காத்திருந்து பெற்ற சொல் அது. வைத்துப் பூட்டவா பெற்றோம்?

ஒவ்வொரு பாடசாலையிலும் பெற்றோர் ஒருவர் வலயக் கல்விப் பணிமனைக்குச் சென்று இவற்றைக் கேட்கட்டும்: இப்பாடசாலைக்குத் தகவல் தொழினுட்ப ஆசிரியர் ஆளணி எத்தனை? இப்போது உள்ளவர் எத்தனை பேர்? கணினிகள் எத்தனை, அவற்றில் இயங்குபவை எத்தனை? திருத்தவும் மின்கட்டணத்துக்கும் சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகை என்ன? அதே வலயத்து நகரப் பாடசாலைக்கு இவை எவ்வளவு? ஏன் கேட்கிறீர் என்று வினவ உத்தியோகத்தருக்கு உரிமை இல்லை. எழுதத் தெரியாதவர் வாயாற் சொன்னால், எழுதிக்கொள்வது தகவல் உத்தியோகத்தரின் கடமை. பதினான்கு வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் பதினான்கு நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அங்கும் பயனில்லையேல் இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழு. பசறை, ஹாலி எல, அப்புத்தளை, நமுனுகுலை, மடுல்சீமைப் பகுதிகளில் உள்ள சட்டத்தரணி நண்பர்கள், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் அமர்ந்து இவ்விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்க முன்வரட்டும். மாதிரிப் படிவம் எம்மிடம் ஆயத்தமாக உள்ளது. விடைகள் வந்து சேர்ந்ததும், பாடசாலை வாரியாக இப்பத்திரிகையிலேயே அச்சிடுவோம்.