ரேடாரை ஏமாற்றும் துணி: எவ்வளவு உண்மை?

2024 நவம்பரில் கான்பூர் ஐஐடி 'அனலக்ஷ்யா' என்ற துணியை அறிமுகப்படுத்தியது. ராணுவத்துக்கு மாயப் போர்வை கிடைத்துவிட்டது என்றே பலரும் பேசினார்கள். உண்மை என்ன?

ரேடார் அனுப்பும் அலை ஒரு பொருளில் பட்டுத் திரும்பினால்தான் அது இருப்பது தெரியும். அந்த அலையை விழுங்கி வெப்பமாக மாற்றுவதே இத்துணியின் வேலை. பழைய முறையில் இதற்கு அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் வேண்டும். 10 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 7.5 மில்லிமீட்டர். மெட்டா பொருட்களில் நுண்ணிய கடத்தி வடிவங்களை வரிசையாகப் பதிப்பதால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தகடே போதும். 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 11.5 கிகாஹெர்ட்ஸில் 88 சதவீத அலையை இப்படி உறிஞ்சிக் காட்டினர்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நூறு கிலோமீட்டரில் தெரியும் விமானம் 90 சதவீத அலையை விழுங்கினாலும் 56 கிலோமீட்டரில் தெரிந்துவிடும். 99 சதவீதம் விழுங்கினால் 32 கிலோமீட்டர். தாமதம் கிடைக்கும்; மறைவு கிடைக்காது.

இன்னொன்று, மீட்டர் கணக்கில் நீளும் அலைகளுக்கு மெல்லிய பூச்சு ஈடுகொடுக்காது. ரேடாருக்குச் சிக்காது எனப்பட்ட அமெரிக்காவின் எஃப்-117 விமானத்தை 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் வீழ்த்தியவர்கள், அத்தகைய பழைய ரேடாரைத்தான் பயன்படுத்தினார்கள்.

நம் விஞ்ஞானிகளின் உழைப்பைப் பாராட்டுவோம். கூடவே, எந்த அலைவரிசையில், எத்தனை சதவீதம் என்றும் கேட்போம். 'நம்மை யாரும் பார்க்க முடியாது' என்ற மிதப்பில் போருக்கு ஆர்ப்பரித்தால், அதன் விலையைக் கொடுப்பது எல்லையில் நிற்கும் வீரனும் அங்கு வாழும் குடும்பங்களுமே.