இரண்டு நாளுக்குள் முடியும் நோய்

தியாகராய நகர் உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் துணிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களிடம் உடல்நலம் பற்றிப் பேச்செடுத்தால், நான் கேட்டவரை இரண்டு வலிகள் தவறாமல் வந்துவிடும். ஒன்று கால்வலி, மற்றது தலைவலி. கால்வலியைச் சட்டம் ஒருவழியாகக் கண்டுகொண்டது. 2018-இல் கேரளம் காட்டிய வழியில், 2021-இல் தமிழ்நாடு தனது கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, பணியாளர் அனைவருக்கும் இருக்கை கட்டாயம் என்றது. தலைவலிக்கு அந்த மதிப்பு இன்னும் கிட்டவில்லை. அது பள்ளிப் பருவத்திலிருந்தே சாக்குப்போக்கின் மறுபெயராக இருந்துவருகிறது.

எல்லாத் தலைவலியும் ஒன்றல்ல. தலையின் ஒரு பக்கத்தில் விண்விண்ணென்று தெறிப்பது, குமட்டுவது, வெளிச்சமும் ஓசையும் தாங்காமல் போவது, சிகிச்சையின்றி விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிப்பது ஆகியவை ஒற்றைத் தலைவலியின் அடையாளங்கள். இது மூளையும் முகத்துக்கான உணர்வு நரம்பும் சம்பந்தப்பட்ட நோய். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் வீடுவீடாகச் சென்று நடத்திய ஆய்வில், வயதுவந்தோரில் 25.2 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக் காலத்தில் இந்நோய் இருந்தது தெரியவந்தது. அண்டை மாநிலத்தின் கணக்கு இங்கே பெரிதும் மாறிவிடும் என்று நம்புவதற்குக் காரணமில்லை. உலக நோய்ச்சுமை குறித்த 2019-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களை முடக்கும் நோய்களில் இதற்கே முதலிடம். கடைகளில் வேலைக்கு எடுக்கப்படும் பெண்களின் வயதும் அதுதான்.

மரபு வழியாக வரும் இயல்பு இந்நோய்க்கு அடிப்படை. அதைக் கிளறிவிடுபவை வேறு: பிந்திப்போன உணவு, குறைந்த தூக்கம், தண்ணீர் குடிக்காமை, கண்ணைக் கூசும் விளக்கு, இரைச்சல், கடும் நெடி, மாதவிடாய்க்கு முந்தைய நாள்கள். ஆடித் தள்ளுபடிக் காலத்துக் கடைத்தளம் ஒன்றை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். இந்தப் பட்டியலில் எது அங்கே இல்லை? கழிப்பறைக்கு அடிக்கடி போகக் கூடாதென்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் வேறு. மருத்துவர்கள் முதலில் சொல்லும் அறிவுரை, வேளைக்குச் சாப்பிடுங்கள், வேளைக்குத் தூங்குங்கள் என்பது. அந்த வேளையை யார் தீர்மானிக்கிறார் என்று மருந்துச் சீட்டு கேட்பதில்லை. எனக்கும் இந்த வலி உண்டு. ஆனால், என்னால் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்க முடியும். அடையாறில் மென்பொருள் வேலை பார்ப்பவர் வீட்டிலிருந்தே பணிபுரிவதாக மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்பலாம். புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. மருந்தோ, வலி தொடங்கிய உடனே உட்கொண்டால்தான் நன்றாகக் கேட்கும்.

இந்த இடத்தில் பலரும் நாடுவது தைலத்தையும் மருந்துக்கடையையும். எங்கள் மயிலாப்பூருக்கும் தலைவலிக்கும் நெடுநாள் உறவு. 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயரைத்தான் லஸ் பகுதிப் பூங்கா தாங்கி நிற்கிறது. தைலம் தரும் இதம் உண்மையானது. ஆனால், ஒற்றைத் தலைவலியை நிறுத்தும் ஆற்றல் தைலத்துக்கு இல்லை. அதன் நெடியே ஆகாதவர்களும் உண்டு. மாத்திரையின் ஆபத்து வேறு வகை. சாதாரண வலிநிவாரணிகளை மாதத்துக்கு 15 நாள்களோ அதற்கு மேலோ, கூட்டு மாத்திரைகளை 10 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் விழுங்கிவந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். வலி அடிக்கடி வருபவருக்குத் தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்றவை பழையவை, விலை குறைந்தவை. ஆயினும் ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரோப்ரனலால் ஆகாது என்பதால், மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். (திடீரென இடி விழுந்தாற்போல் வரும் வலி, கை கால் தளர்வு, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு ஆகியவை இருந்தால் காத்திருக்கவே கூடாது.)

மருத்துவரைப் பார்க்க விடுப்பு வேண்டும். சட்டப் புத்தகத்தில் அது இருக்கிறது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே ஆண்டுக்கு 12 நாள்கள் ஊதியத்துடன் நோய் விடுப்பு தந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையே ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. ஒற்றைத் தலைவலிக்காரருக்கு இந்த இரண்டும் எந்தப் புது மருந்துக்கும் குறைந்தவை அல்ல. நடைமுறையில், வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதே நான் கேட்ட பெரும்பாலான பதில்.

இ.எஸ்.ஐ. காப்பீட்டில் சிக்கல் இன்னும் நுட்பமானது. நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள்கள் வரை அது தருகிறது. ஆனால், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49-ஆவது பிரிவுப்படி, நோயின் முதல் இரண்டு நாள்களுக்கு உதவி இல்லை. முந்தைய நோய் முடிந்து 15 நாள்களுக்குள் மீண்டும் படுத்தால் மட்டுமே விலக்கு. மாதவிடாயை ஒட்டி மாதம் ஒருமுறை, ஒன்றரை நாள் வலியில் கிடக்கும் பெண்ணை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இரண்டு நாளுக்குள் அவள் எழுந்துவிடுவாள்; அடுத்த முறை 15 நாள்களைத் தாண்டி வரும். சந்தா பிடிக்கப்படுகிறது; இந்த நோய்க்கு ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது. பொய் விடுப்பைத் தடுக்க வகுத்த விதியாக இருக்கலாம். விளைவில் அது நீண்ட நோய்க்குச் சலுகையும், குறுகிய காலம் கடுமையாகத் தாக்கி மீண்டும் மீண்டும் வரும் நோய்க்குத் தண்டனையும் தருகிறது. அந்தச் சட்டத்தை உள்வாங்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது எழுந்த விவாதங்களில், நான் படித்தவரை, இந்த இரண்டு நாள்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

மருத்துவர் ஒருமுறை ஒற்றைத் தலைவலி என்று உறுதிசெய்துவிட்டால், அந்தக் காத்திருப்பு நாள்களிலிருந்து ஓராண்டுக்கு விலக்கு அளிப்பது கடினமன்று. அது மத்திய அரசின் பணி. மாநிலத்தின் கையிலும் ஒன்று இருக்கிறது. 2024-இல் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டம், பணியிடத்துக்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதை தியாகராய நகர்க் கடைகளுக்கும் கொண்டுவந்து, மாதத்தில் எத்தனை நாள் தலைவலி, எத்தனை நாள் மாத்திரை என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இருக்கை போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவரும் தொழிலாளர் துறை ஆய்வாளர், ஆடி மாதத்து மதிய உணவு எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று அந்தப் பெண்களையே தனியாகக் கேட்கலாம்.