கல்லுக்குச் சான்றிதழ் உண்டு, மூச்சுக்கு?

மாமல்லபுரம் செல்வோர் கடற்கரைக் கோயிலைக் காண்கின்றனர். ஐந்து இரதங்களைக் காண்கின்றனர். அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் வாய்பிளந்து நிற்கின்றனர். வியந்து முடித்தபின், சாலையோரப் பட்டறையில் ஒரு சிறு பிள்ளையாரையோ புத்தரையோ பேரம்பேசி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். அந்தப் பிள்ளையாரைச் செதுக்கியவன் எப்படி மூச்சு விடுகிறான் என்று எவரும் கேட்பதில்லை. வந்துபோகிறவர்கள் கேட்காதது குற்றமாகாது. கேட்க வேண்டியவர்களும் கேட்பதில்லையே, அதனால்தான் நாம் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2017ஆம் ஆண்டில் மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ந்தோம். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே வந்து சிற்பங்களைப் பார்த்துச் சென்றனர். சாலைகள் பளபளத்தன, ஊர் விழாக்கோலம் பூண்டது. அதற்கும் மகிழ்ந்தோம். கலை எந்த ஊர்க் கலை என்பதற்குச் சான்றிதழ் தர நாட்டில் அலுவலகம் இருக்கிறது. அந்தக் கல்லைச் செதுக்கிச் செதுக்கித் தன் நெஞ்சே கல்லாகிப் போனவனுக்கு, “ஆம், இது நீ செய்த தொழிலால் வந்த நோய்தான்” என்று சான்றிதழ் தர யார் இருக்கிறார்கள்?

நெஞ்சு கல்லாகிறது என்பதை மேடைப் பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். பல்லாவரம், திரிசூலம் மலைகளின் கருங்கல்லுக்குப் புவியியலார் வைத்த பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனின் கல்லறைமீது கிடப்பது அந்த இனத்துக் கல் என்பதால் அப்பெயர். நம் மலையில் விளைந்த கல்லுக்குக் கம்பெனிக்காரன் பெயர்! அது கிடக்கட்டும். அந்தக் கல்லிலும், சிற்பிகள் கையாளும் பிற கருங்கற்களிலும் குவார்ட்ஸ் என்னும் படிகம் கலந்திருக்கிறது. அதுதான் சிலிக்கா. கல் உடையும்போது எழுகிற தூசியில் பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், தும்மினால் போய்விடும். கண்ணுக்கே தெரியாத நுண்துகள் நேரே நுரையீரலின் அடியில் உள்ள காற்றுப்பைகளுக்குப் போகிறது. அதை விழுங்கிச் செரிக்க உடல் முயல்கிறது. முடிவதில்லை. விழுங்கிய அணுக்கள் சாகின்றன, புண்ணாகிறது, புண் ஆறிய இடம் தழும்பாகத் தடிக்கிறது. தழும்பின்மேல் தழும்பு. பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் விறைத்துப் போகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். இதைப் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. தொழிலை விட்டபின்னும் நோய் வளரும்.

உளியும் சுத்தியும் மட்டும் இருந்த காலத்திலும் தூசி இருந்தது. மின்சார கட்டரும் கிரைண்டரும் வந்தபின் பல நாள் வேலை ஒரே நாளில் முடிகிறது. பல நாள் தூசியும் அந்த ஒரே நாளில் கிளம்புகிறது. வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு உட்காருகிறான் நம் தோழன். துண்டு வியர்வையைத் துடைக்கும், நுண்தூசியைத் தடுக்காது. கல்குவாரியிலும் கிரஷரிலும் நிற்பவன் கதையும் இதுதான்.

பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் ஒருநாள் மாடிப்படி ஏறும்போது இளைக்கிறது. இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது. “டி.பி.யாக இருக்கும்” என்று மாத்திரை தொடங்குகிறார்கள். சிலிக்கோசிஸ் உள்ளவனை டி.பி. எளிதில் பற்றும் என்பதும் உண்மையே. எனவே மாத்திரை சாப்பிட்டுக் கிருமி ஒழிந்தாலும் இளைப்பு ஒழிவதில்லை. நீ என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் விளங்கியிருக்கும். சீட்டிலே பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, தொழில் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது!

இந்நோய் தமிழனுக்குப் புதிதன்று. கோலார் தங்கவயலில் பாறை பிளக்கப் போன கூட்டத்தில் பெரும்பகுதி வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழர்கள். 1940களில் அங்கே தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் கண்டனர். தங்கம் எங்கெங்கோ போயிற்று. தூசி நம்மவர் நெஞ்சிலே தங்கிற்று. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள்.

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம், நுரையீரலைப் பார்க்க ஒரு புதிய கண் உலகில் திறந்திருக்கிறது என்பதே.

எம்.ஆர்.ஐ. என்ற இயந்திரத்தை நம் தோழர்கள் அறிவர். மூளையையும் முதுகெலும்பையும் காட்டும் அந்த இயந்திரம் நுரையீரலுக்கு வந்தால் திணறும். உடலிலுள்ள நீரின் குறிப்பைக் கொண்டு படம் எழுதுவது அதன் முறை. நுரையீரலோ காற்று நிறைந்த வீடு, எனவே படத்தில் கருப்புத்தான் மிஞ்சும். இந்தக் கருப்பிலே விளக்கேற்ற அறிஞர்கள் கண்ட வழி ஸெனான் வாயு. 1898இல் இராம்சேயும் டிராவர்ஸும் கண்டுபிடித்த இந்த வாயு நாம் விடும் மூச்சிலேயே இருக்கிறது, ஒரு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு என்ற அளவில். லேசர் ஒளியின் துணைகொண்டு ஸெனான் அணுக்கருக்களை ஒரே திசை பார்க்க வைக்கிறார்கள். ஊர்வலத்தில் சிதறி நடப்பவர்களை அணிவகுக்கச் செய்வதுபோல என்று வைத்துக்கொள்வோம். அணிவகுத்த ஸெனான் பல ஆயிரம் மடங்கு உரத்த குறிப்புத் தருகிறது. நோயாளி அதில் ஒரு மூச்சு இழுத்துப் பத்துப் பதினைந்து விநாடி அடக்கினால் போதும். காற்றுப் போகிற இடம் ஒளிர்கிறது, போகாத இடம் இருள்கிறது.

அதோடு நிற்கவில்லை. ஸெனான் காற்றுப்பையின் சுவரில் கரைந்து இரத்தத்திலும் சேரும். பையில் இருக்கும்போது ஒரு குறிப்பு, சுவரில் வேறு, இரத்தச் சிவப்பணுவில் இன்னொன்று. சுவர் தடித்து வழிமறிக்கிறதா என்பது இதனால் புலப்படுகிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்கள் இதில் முன்னின்றன. கொரோனாவுக்குப்பின் மூச்சிரைத்துக்கொண்டே இருந்த சிலரின் சி.டி. படம் ஏறக்குறையச் சரியாகவே இருக்க, ஸெனான் படம் அவர்களது குறையைக் காட்டிவிட்டது என்று ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் 2021இல் எழுதினர். “படத்தில் ஒன்றுமில்லை, போ” என்று அனுப்பப்பட்டவன் சொன்னது பொய்யன்று என்று ஆயிற்று! 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இம்முறைக்கு இசைவு தந்தது. எக்ஸ்ரே, சி.டி. போலக் கதிர்வீச்சு இதில் இல்லை. இந்த ஸெனான் கதிரியக்கம் உள்ளதும் அன்று. கல்பாக்கத்துக்கு அக்கம்பக்கத்தில் வாழ்வோர் ஐயுறுவர் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறோம். எனவே ஆண்டுதோறும் எடுத்து ஒப்பிடலாம். மெல்லக் கொல்லும் நோயைப் பின்தொடர இதைவிட ஏற்ற முறை வேறென்ன?

சிலர் நகைப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். கஞ்சிக்கு வழியில்லாதவனுக்குக் காஞ்சிப்பட்டா என்பார்கள். கல்பாக்கம் எங்கே இருக்கிறது? மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அதே கடற்கரையில். அங்கே அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கத் தெரிந்திருக்கிறது. அதே கரையில் உளி பிடிக்கும் சிற்பியின் மூச்சை அளக்க மட்டும் நமக்கு வக்கில்லையா? தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கி, 1937இல் அரசு ஏற்ற சானடோரியம், இன்று நெஞ்சக நோய் மருத்துவமனையாக இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் நிற்கிறது. 1965 முதல் செங்கல்பட்டில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோயாளியும் இங்கே, மருத்துவரும் இங்கே. ஸெனான் படமெடுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் ஓர் இடத்துக்கு வருமானால் அது இங்கேதான் வரவேண்டும். கல்தூசி நோயில் இப்படம் எவ்வளவு முன்கூட்டி எச்சரிக்கும் என்ற ஆராய்ச்சியும் இந்த மண்ணில், நம் சிற்பிகளின் ஒப்புதலோடு நடக்கட்டும். ஆராய்ச்சிக்கு அவன் உடல், பலன் அயலூரானுக்கு என்று மட்டும் ஆகிவிடக் கூடாது.

ஆயினும் ஸெனான் வரும்வரை கைகட்டி நிற்பதா? கூடாது. குழாயில் ஊதச்சொல்லி மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கையில் எடுத்துச் செல்லும் அளவுள்ள கருவி. உளி பிடிக்க வரும் இளைஞனை முதல்நாளே ஊதச்செய்து எழுதிவைக்க வேண்டும், ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவைக்க வேண்டும். முதல் அளவு இல்லாமல் பத்தாவது ஆண்டின் அளவால் என்ன தெரியும்? வீடுதேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க 2021இல் வழிகண்ட மாநிலம் இது. பட்டறைதேடிச் சென்று மூச்சளவு பார்ப்பது இயலாத செயலா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். எவ்வளவு நுட்பமான படமும் ஒரு துகளைக்கூட நெஞ்சிலிருந்து எடுக்காது. கல்லை அறுக்கையில் தண்ணீர் விடுவதும், தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சுவதும், நுண்தூசியைத் தடுக்கும் சரியான முகமூடி தருவதுமே நோயைத் தடுக்கும். “மாதிரிப் பரிசோதனை நடத்துகிறோம்” என்று சொல்லிக்கொண்டு தண்ணீர்க் குழாய் போடாத முதலாளியையும், அதைக் கண்டும் காணாதிருக்கும் அதிகாரியையும் நாம் ஏற்கமாட்டோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. 2020இன் சட்டத் தொகுப்பிலும் அப்பட்டியலில் அது உண்டு. ஆனால் மின்விசை உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததைப் புதிய தொகுப்பு 20 பேர் ஆக்கிவிட்டது. மாமல்லபுரத்துப் பட்டறையில் ஐந்து பேர், ஆறு பேர். ஆறு பேர் உள்ள கூரையின்கீழ் எழும் தூசி இருபது பேரை எண்ணிப் பார்த்துவிட்டா நெஞ்சுக்குள் போகிறது?

இராஜஸ்தானைப் பாருங்கள். அங்கும் கல்லுடைப்பவர்கள் மடிந்தார்கள், போராடினார்கள். 2019இல் அம்மாநில அரசு தனிக்கொள்கை வகுத்தது. நோய் உறுதியானால் 3 இலட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 இலட்சம், மாத ஓய்வூதியம் வேறு. பட்டறை சிறிதா பெரிதா என்ற கணக்கு அங்கே குறுக்கே நிற்கவில்லை. நோயைச் சான்றளிக்க மருத்துவர் குழு இருக்கிறது. தமிழ்நாட்டிலும் அத்தகைய குழு வேண்டும், செங்கல்பட்டிலேயே வேண்டும். எக்ஸ்ரேயில் தெளிவில்லை என்று மனு தள்ளப்படும் இடத்தில்தான் ஸெனான் படம் தொழிலாளியின் சாட்சியாக வந்து நிற்க முடியும்.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வேலை. வரும் மாதக் கூட்டத்துக்குமுன் பட்டறை பட்டறையாக, கிரஷர் கிரஷராகச் செல்லுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள்: பெயர், எத்தனை வயதில் தொழிலுக்கு வந்தார், கட்டரா உளியா, தண்ணீர் விட்டு அறுக்கிறார்களா, இருமல் எத்தனை நாளாக, கடைசியாக எக்ஸ்ரே எடுத்த ஆண்டு எது, டி.பி. மாத்திரை உண்டாரா. தொழிலை விட்டு வீட்டோடு கிடக்கும் முதியவர்களை விட்டுவிடாதீர்கள், முதலில் எழுத வேண்டிய பெயர்கள் அவர்களுடையவை. அந்த நோட்டோடு மாவட்ட ஆட்சியரைப் பார்க்கப் போவோம்.